ரோலர் கோஸ்டரில் இஞ்சின் எங்கே இருக்கிறது?

கோடை விடுமுறையில் மகன், மருமகள், பேத்தியோடு மும்பைக்கு வெளியே உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. ரோலர் கோஸ்டரில் ஏறியே தீருவது என்று வந்தவள். மகன் துணைக்கு ஏறினான். மருமகளும் என் மனைவியும் நானும் வேலி ஓரமாகக் கீழே நின்றோம்.

ஏறுவதற்கு முன் பேத்தி கேட்டாள்: "தாத்தா, இதுக்கு இஞ்சின் எங்கே?" முப்பத்தெட்டு வருடம் ரயில்வே மின்சாரப் பிரிவில், பெரும்பகுதி லோக்கல் ரயில் கார் ஷெட்டில், காலம் தள்ளியவனிடம் கேட்ட கேள்வி. யோசிக்கவே இல்லை. "நம்ம லோக்கல்ல இருக்கிற மாதிரிதான் கண்ணு, பெட்டிக்கு அடியில மோட்டார் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டி மெதுவாக ஏற்றத்தில் ஏறியது. முக்கால் உயரம் போயிருக்கும். பாட்டு நின்றது, ஐஸ்கிரீம் கடை விளக்கு அணைந்தது, வண்டியும் நின்றது. கரண்ட் போய்விட்டது.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, பின்னால உருண்டு வந்துடுமா?"

"வராது" என்றேன். சொன்ன தோரணையில் குறையே இல்லை. ஆனால் ஏன் வராது என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தெரியாது. லோக்கல் ரயிலை ஏற்றத்தில் நிறுத்தி பிரேக்கை விட்டால் அது பின்னால் உருளத்தான் செய்யும். மருமகள் ஒன்றும் பேசவில்லை, மேலேயும் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார் ஷெட்டில் எத்தனையோ அதிகாரிகள் என்னை முறைத்திருக்கிறார்கள், அந்தப் பார்வைக்கு ஈடாகாது.

பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. வண்டி மேலே போய், இறங்கி, சுற்றி வந்து சேர்ந்தது. பேத்தி ஓடிவந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தாத்தா, அடியில மோட்டாரே இல்ல. இறங்கறப்ப குனிஞ்சு பாத்துட்டேன். சக்கரமும் ஒரு கொக்கியும்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தேன். இஞ்சின் எங்கே என்ற பேத்தியின் கேள்வியும், கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற மனைவியின் கேள்வியும் உண்மையில் ஒரே கேள்விதான் என்று புரிந்தது. மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மின்சாரம் போனபின் வண்டியின் கதி இருக்கிறது. குழந்தைகளைப் பூங்காக்களுக்கு அழைத்துப் போகும் நம் சங்கக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

பேத்தி ஏறிய வகைதான் உலகில் அதிகம். அதில் வண்டிக்கு மோட்டார் கிடையாது. மோட்டார் தரையில் ஓர் இடத்தில் உட்கார்ந்து, கியர் பெட்டி வழியாக நீண்ட சங்கிலி ஒன்றைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டியின் அடியில் உள்ள கொக்கி அந்தச் சங்கிலியில் மாட்டி மேலே இழுபட்டுப் போகிறது. உச்சியில் கொக்கி தானாக விலகும். அதற்குப் பிறகு வண்டியை ஓட்டுவது புவியீர்ப்பு மட்டுமே. மின்சாரம் செய்த வேலை முழுவதும் அந்த உயரத்தில் சேமிப்பாகிவிட்டது, இனி செலவுதான்.

ஏற்றத்துக்கு ஏன் சங்கிலி வேண்டும், சக்கரத்தையே மோட்டாரால் சுற்றினால் ஆகாதா என்று கேட்கலாம். கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் இடையே போர் காட் மலைப்பாதையின் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 அடி போனால் ஓர் அடி உயர்வு. அதற்கே பின்னால் கூடுதல் இஞ்சின்கள் மாட்டித் தள்ளுகிறோம். இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்பு அவ்வளவுதான். நீலகிரி மலை ரயிலில் ஏற்றம் ஏறக்குறைய 12-க்கு 1 வரை போகிறது. அதனால்தான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல் தண்டவாளம் போட்டு, இஞ்சினின் பற்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. ரோலர் கோஸ்டர் ஏற்றம் 30 டிகிரி என்று வையுங்கள், அது ஏறக்குறைய 2-க்கு 1! சக்கரப் பிடிப்பை நம்பி அதில் ஏற முடியாது. கடித்து இழுக்க ஏதாவது வேண்டும்.

சரி, மனைவியின் கேள்விக்கு வருவோம். ஏற்றம் முழுவதும் தண்டவாளத்தின் நடுவே ரம்பப் பல் போன்ற இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. பெட்டியின் அடியில் உள்ள ஒரு நாக்கு, வண்டி மேலே போகும்போது ஒவ்வொரு பல்லாகத் தாண்டித் தாண்டி விழுகிறது. 'டக் டக் டக்' என்று ரோலர் கோஸ்டர் ஏறும்போது வயிற்றைக் கலக்குமே ஒரு சத்தம், அது இதுதான். சைக்கிளில் பெடலை நிறுத்தினால் பின்சக்கரத்தில் 'டிக் டிக்' என்று கேட்கும் ராட்செட்டின் பெரிய அண்ணன். மேலே போக விடும், கீழே வர விடாது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஆபரேட்டரும் வேண்டாம். நாக்கு தன் எடையாலேயே பல்லுக்குள் விழும். சங்கிலியே அறுந்தாலும் வண்டி ஒரு பல் தூரத்துக்கு மேல் பின்னால் வராது. என் பேத்தி அந்தப் பத்து நிமிடமும் ஒரு இரும்புப் பல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். பயமுறுத்துகிற அந்தச் சத்தம்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இப்போது நான் தவறாகச் சொன்ன பதிலுக்கு வருகிறேன். அது முழுக்கத் தவறும் அல்ல. பெட்டியிலேயே மோட்டார் உள்ள வண்டிகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் ரூஸ்ட் என்ற ஊரில் உள்ள யூரோப்பா பார்க்கில் 1984 முதல் 'ஆல்பென்எக்ஸ்பிரஸ் என்சியன்' என்ற வண்டி ஓடுகிறது. மாக் என்ற கம்பெனியின் தயாரிப்பு. அந்தப் பூங்காவே மாக் குடும்பத்தினருடையதுதான். மலை ரயில் போல முகப்பு செய்த வண்டி அது. இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 1992-ல் திறந்த 'ரன்அவே மைன் டிரெயின்' என்பதும் இதே கம்பெனியின் இதே வகை.

இவற்றைப் படித்தபோது எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது போல இருந்தது. தண்டவாளத்தை ஒட்டி மின்சாரம் பாயும் பட்டைகள் ஓடுகின்றன. வண்டியிலிருந்து நீளும் கட்டைகள் அதன்மேல் உரசிக்கொண்டே மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குத் தருகின்றன. கொல்கத்தா மெட்ரோவில் 1984 முதல் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் எடுக்கிறார்களே, அதே ஏற்பாடுதான். பட்டைக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தே வண்டியின் வேகத்தை மாற்றலாம், வண்டியில் டிரைவர் தேவையில்லை.

இந்த வகையில் பெரிய மேடு தேவையில்லை. சேமிப்பு தீர்ந்துவிடும் என்ற பயமே கிடையாது, வழியெல்லாம் மோட்டார் தள்ளுகிறது. அதனால் ஒரே பாதையை இரண்டு மூன்று சுற்று சுற்றி வரலாம். ஆனால் மோட்டாரின் எடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். மேலும் தள்ளுவது சக்கரப் பிடிப்பு. அங்கேயும் நம் போர் காட் கதைதான். ரப்பர் போன்ற பூச்சுள்ள சக்கரம் இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும், என்றாலும் மழையில் நனைந்தால் வழுக்கும். எனவே இவை தாழ்ந்த மேடுகளோடு, மிதமான வேகத்தில், சிறு குழந்தைகளும் ஏறும் வண்டிகளாகவே இருக்கின்றன. மின்சாரம் போனால் அந்த மோட்டார் வெறும் பாரம். பிரேக் பிடித்தால் நின்ற இடத்தில் நிற்கும். இல்லையென்றால் அருகிலுள்ள பள்ளத்துக்கு உருண்டு வந்து, தொட்டில் போல இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடும்.

தாழ்வாக, மெதுவாக ஓடுவதால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ஆல்டன் டவர்ஸ் வண்டி 2006 ஜூலையில் ஓடும்போதே நடுவில் பிரிந்தது. பிரிந்த பாகங்கள் ஒன்றோடொன்று மோதிப் பலர் காயமடைந்தார்கள். இது மின்சாரத்தின் குற்றம் அல்ல, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் விட்டுப்போன விஷயம். நம் ரயிலில் கப்ளிங் அறுந்தால் பிரேக் குழாயும் கூடவே பிரிந்து, காற்று வெளியேறி, இரண்டு பாதிகளிலும் பிரேக் தானாகப் பிடித்துவிடும். வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் யோசித்த ஏற்பாடு. பிரேக் பிடிக்கக் காற்று தேவை என்றில்லாமல், பிரேக் பிடிக்காமல் இருக்கத்தான் காற்று தேவை என்று தலைகீழாக வைத்தார் மனிதர். இந்தத் தலைகீழ் யோசனை கீழே இன்னொரு இடத்திலும் வரும், நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வகைதான் இன்று உலகத்தைக் கலக்குகிறது. மேடும் இல்லை, சங்கிலியும் இல்லை. நின்ற இடத்திலிருந்து வண்டி அம்பு போலப் பாய்கிறது. 1996-ல் அமெரிக்காவில் ஒஹாயோ, வர்ஜீனியா மாநிலங்களில் உள்ள இரண்டு பூங்காக்களில் 'ஃப்ளைட் ஆஃப் ஃபியர்' என்ற பெயரில் இப்படிப்பட்ட வண்டிகள் வந்தன. நான்கு வினாடியில் மணிக்கு 87 கிலோமீட்டர். நம் லோக்கல் வேகம் பிடிப்பதைவிடப் பத்து மடங்கு வேகமாக!

இதில் மோட்டார் எங்கே? ஒரு சாதாரண மூன்று பேஸ் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். 2007 முதல் மும்பையில் ஓடத் தொடங்கிய புதிய லோக்கல்களில் இருப்பதும் அந்த வகைதான். வெளிக்கூட்டில் வட்டமாகக் கம்பிச்சுருள்கள். அவற்றில் மின்சாரம் வரிசையாக ஏறி இறங்குவதால் காந்தப்புலம் உள்ளே சுழல்கிறது. நடுவில் உள்ள உருளை அந்தக் காந்தப்புலத்தைத் துரத்திக்கொண்டு சுற்றுகிறது. இப்போது அந்த வட்டக் கூட்டை ஓரிடத்தில் வெட்டி, சுருட்டி வைத்த பாயை விரிப்பது போலத் தரையில் நீளமாக விரித்துவிடுங்கள். காந்தப்புலம் இனிமேல் சுழலாது, நேர்கோட்டில் ஓடும். உருளையையும் அப்படியே விரித்தால் அது ஒரு உலோகத் தகடு. அந்தத் தகட்டை வண்டியின் அடியில் மாட்டிவிட்டால் வண்டியே காந்தப்புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடும். இதற்கு நேர்கோட்டுத் தூண்டல் மோட்டார் என்று பெயர்.

ஆக, பேத்தியிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: இந்த வகையில் இஞ்சினில் பாதி தரையில், பாதி வண்டியில். இரண்டும் தொடுவதே இல்லை. வண்டிக்கு மின்சாரம் போகவும் வேண்டாம். தொடாததால் வழுக்கும் பேச்சும் இல்லை, மழையும் ஒன்றுதான் வெயிலும் ஒன்றுதான்.

இது ஏதோ விண்வெளி விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டு வாசலில் முன்பு இருந்த பழைய மின்சார மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு மெல்லச் சுற்றிக்கொண்டிருக்குமே, ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டு? அந்தத் தட்டை எந்தக் கியரும் சுற்றவில்லை. கம்பிச்சுருள்களின் மாறும் காந்தப்புலம் தட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தள்ளுகிறது. அதே தட்டின் மறுபக்கத்தில் ஒரு நிலைக்காந்தம் கவ்வியது போல நிற்கும். அது தட்டு கண்டபடி ஓடாமல் இழுத்துப் பிடிக்கும் பிரேக். பாயும் ரோலர் கோஸ்டரின் இஞ்சினும் பிரேக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நம் பாட்டி காலத்திலிருந்தே சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது டிஜிட்டல் மீட்டர் வந்து அந்தக் காட்சி போய்விட்டது. குழந்தைகளுக்குக் காட்ட ஊரில் யார் வீட்டிலாவது பழைய மீட்டர் இருந்தால் விடாதீர்கள்.

தூண்டல் வகையில் ஒரு குறை. தகடு எப்போதும் காந்தப்புலத்தைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் ஓட வேண்டும். சமமாக ஓடினால் தூண்டல் நின்றுவிடும். அந்தப் பின்தங்கலில் ஒரு பகுதி சூடாக வீணாகிறது. அதனால் பிற்காலத்தில் தகட்டுக்குப் பதில் வண்டியிலேயே வலுவான நிலைக்காந்தங்களை வைத்து, அவை எந்த நொடியில் எங்கே இருக்கின்றன என்று உணர்கருவிகளால் அறிந்து, சரியான சுருளுக்குச் சரியான கணத்தில் மின்சாரம் ஏற்றுகிறார்கள். முன்னால் உள்ள சுருள் இழுக்கும், பின்னால் உள்ளது தள்ளும். கணம் தப்பினால் இழுக்க வேண்டியது பிடித்து நிறுத்தும். இதை ஒத்தியங்கு மோட்டார் என்பார்கள். 1997-ல் கலிபோர்னியாவில் 'சூப்பர்மேன்: தி எஸ்கேப்' என்ற வண்டி இம்முறையில் ஏழு வினாடியில் மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டியது. அது இப்போது ஓடவில்லை, முறை நிலைத்துவிட்டது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம், எனக்கு அது இல்லாமல் சரிப்படாது. ஆட்களோடு சேர்த்து 6 டன் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 17.7 லட்சம் ஜூல். சங்கிலி அதை 30 வினாடியில் சாவகாசமாக ஏற்றினால் 59 கிலோவாட், அதாவது 80 குதிரைத்திறன். உராய்வு இழப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் சிறிய ஆலை மோட்டார் ஒன்று போதும். அங்கிருந்து விழுந்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், கிடைக்கும் வேகம் மணிக்கு 87 கிலோமீட்டர். மேலே சொன்ன வண்டியின் அதே வேகம். ஆனால் அதே ஆற்றலை 4 வினாடியில் கொடுக்க வேண்டுமானால் சராசரி 440 கிலோவாட், ஒரே சீராகத் தள்ளினால் கடைசிக் கணத்தில் அதன் இரு மடங்கு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி இழுத்தால் அந்த வட்டாரத்துக்கே விளக்கு மங்கும். ஆகவே இடைப்பட்ட நேரத்தில் மெதுவாகச் சேமித்து, தேவைப்படும்போது கொட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் 1999-ல் திறந்த 'இன்க்ரெடிபிள் ஹல்க்' வண்டிக்கு (அது மோட்டார் சுற்றும் டயர்களால் தள்ளப்படுவது) கனத்த ஃப்ளைவீல் பூட்டிய ஜெனரேட்டர்களை வைத்தார்கள். உரலில் குழவி சுற்றிப் பழகியவர்களுக்கு அதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒஹாயோவில் சீடர் பாயின்ட் பூங்காவில் 2003-ல் திறந்த 'டாப் த்ரில் டிராக்ஸ்டர்' 420 அடி கோபுரத்தைத் தாண்ட, ஹைட்ராலிக் முறையில் 3.8 வினாடியில் மணிக்கு 193 கிலோமீட்டர் வேகம் பிடித்தது. 2024-ல் அதை மாற்றியமைத்தபோது ஹைட்ராலிக்கை எடுத்துவிட்டு ஒத்தியங்கு மோட்டார் வைத்தார்கள். ஒரே உதையில் தள்ளவில்லை. முதலில் முன்னால் ஒரு தள்ளு, கோபுரத்தில் பாதி ஏறித் திரும்பி வரும்போது பின்னால் இன்னொரு தள்ளு, பின்புறக் கோபுரத்தில் ஏறி மறுபடி வரும்போது மூன்றாவது தள்ளு. ஊஞ்சலை அப்படித்தானே ஆட்டுகிறோம்?

இந்த வகையில் பாதித் தள்ளலில் மின்சாரம் போனால்? வண்டி மேட்டில் கொஞ்ச தூரம் ஏறி, வேகம் தீர்ந்து, பின்னோக்கி வரும். பல வண்டிகளில் கரண்ட் போகாமலேயே, எதிர்க்காற்றோ பாரமோ அதிகமாகி, இப்படி எப்போதாவது நடப்பதுண்டு. அதற்குத்தான் ஏவும் பாதையில் உலோகத் துடுப்புகள் வைத்திருக்கிறார்கள். வண்டி கிளம்பும்போது காற்றழுத்தம் அவற்றைக் கீழே அமுக்கி வைக்கும், வண்டி கடந்ததும் மேலே எழும். வெஸ்டிங்ஹவுஸை நினைத்துக்கொள்ளுங்கள்: காற்று போனால் துடுப்பு எழுந்துதான் நிற்கும். திரும்பி வரும் வண்டியின் காந்தங்கள் அந்தத் துடுப்பைக் கவ்விக்கொண்டு போகும்போது, மீட்டர் தட்டில் நிலைக்காந்தம் செய்த அதே வேலை நடக்கிறது. துடுப்பில் சுழல் மின்னோட்டம் எழுந்து வண்டியை இழுத்துப் பிடிக்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் வேண்டாம். வேகம் கூடினால் பிடியும் கூடும். மெதுவானால் பிடி தளரும் என்பது அதன் ஒரே பலவீனம். காந்த பிரேக் வண்டியை முழுதாக நிறுத்தாது, நடைவேகத்துக்குத்தான் கொண்டுவரும். கடைசி நிறுத்தத்துக்கு நிலையத்தில் உராயும் பிரேக் வேறு உண்டு.

அடுத்த முறை நீங்கள் வரிசையில் நிற்கும்போது கொஞ்சம் கீழே பாருங்கள். ஏற்றத்தின் நடுவில் சங்கிலியும் ரம்பப் பல்லும் தெரிந்தால் முதல் வகை. தண்டவாளத்தை ஒட்டி வழிநெடுகப் பட்டைகள் ஓடினால் இரண்டாவது. சமதளத்தில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள், வண்டி தொடாமல் அவற்றுக்கு நடுவிலோ மேலோ போகும்படி இருந்தால் மூன்றாவது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், தட்டையும் டம்ளரையும் வைத்து வீட்டாருக்கு விளக்கினேன். மனைவி, "அன்னிக்கு இது தெரியாமயா அவ்வளவு தைரியமா வராதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். ஒப்புக்கொண்டேன். பேத்தி பழைய மீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மருமகள் கடைசிவரை பேசாமல் கேட்டுவிட்டு, பாத்திரங்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "மாமா, தீபாவளி லீவுக்கு மறுபடி போவோம். இந்தத் தடவை அவளோட நான் ஏறறேன். அந்த டக் டக் சத்தம் கேக்குதான்னு பாக்கணும்."